சிட்டை, பேரேடு, வார்டு: மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிப்பதை எப்படிக் கணக்கில் எழுதுவது?

எங்கள் ஐயா பன்னிரண்டு வயதில் பர்மாவுக்குக் கப்பல் ஏறியவர். ஐயா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவர். மோல்மேனில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தார். பணப்பெட்டியை ஒட்டிய இடம்தான் பெட்டியடி. கடையை நடத்தும் மேலாள் அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். பையன் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓடுவான். முதல் வருஷம் தண்ணீர் எடுத்து வைப்பதும் தபாலுக்குப் போவதும்தான் வேலை. இரண்டாம் வருஷம் கடிதங்களைப் பார்த்துப் படியெடுத்தார். அப்புறம் மேலாளுக்கு அடுத்த நிலையிலிருக்கும் அடுத்தாள் பக்கத்தில் இருக்க, அன்றாடக் கணக்கான சிட்டையை எழுத விட்டார்கள். கடன் கேட்டு வந்தவரிடம் தனியாகப் பேச விட ஆறு வருஷம் ஆனதாம்.

‘உங்களுக்கு யாரு ஐயா சொல்லிக்கொடுத்தது?’ என்று ஒரு நாள் வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து கேட்டேன்.

‘யாரு சொல்லிக்கொடுத்தா? நானாப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான் அப்பு’ என்றார்.

ஆறு வருஷமாக ஒரு மேலாளும் ஓர் அடுத்தாளும் பக்கத்திலேயே இருந்து வேலை காட்டியிருக்கிறார்கள். கற்றுக்கொண்டவருக்கே அது கற்பித்தலாகத் தெரியவில்லை.

மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருக்கும் எனக்கு இந்தப் பதில் மாதக் கடைசியில் தவறாமல் நினைவுக்கு வரும். அப்போதுதான் அந்தப் படிவம் வரும். ‘இந்த மாதம் எத்தனை மணி நேரம் கிளினிக்கல் வகுப்பு எடுத்தீர்கள்?’ கிளினிக்கல் வகுப்பு என்றால் நோயாளியை வைத்து நடத்தும் பாடம். பதில் எழுத ஒரே ஒரு கட்டம். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். ‘ரவுண்ட்ஸில் பத்து நிமிஷம் விளக்கினேன் சார், அது சேருமா? ஓ.பி.யில் ஒரு பையன் பக்கத்தில் நின்று பார்த்தான், அதை எழுதலாமா? கேஸ் தேடி முந்தின நாள் அலைந்த நேரத்தை எங்கே காட்டுவது?’ ரவுண்ட்ஸ் என்பது வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது, ஓ.பி. என்பது வெளிநோயாளிப் பிரிவு, கேஸ் என்பது பாடத்துக்கு ஏற்ற நோயாளி. அந்த உதவிப் பேராசிரியர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டிலைச் சுற்றி நிற்கும் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகளைப் பார்த்து ‘இதுகள் படிக்குதா, வேலை பார்க்குதா?’ என்று யோசித்தவர்களும் படிக்கலாம். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. மணி அடித்தால் பாடம் ஆரம்பம், மறுபடி அடித்தால் முடிந்தது. மருத்துவமனையில் அதே மருத்துவர், அதே நோயாளி, அதே நிமிஷம். அதற்குள் சிகிச்சையும் நடக்கிறது, பாடமும் நடக்கிறது. டம்ளரில் கலந்த பிறகு பாலெது டிகாக்‌ஷன் எது என்று கேட்டால் என்ன சொல்வது?

சரி, கலந்ததைக் கலந்தபடியே விட்டுவிட்டால் என்ன நஷ்டம்? முதல் நஷ்டம் பணத்தில். மாணவர்கள் இருக்கும் வார்டில் ரவுண்ட்ஸ் மெதுவாகத்தான் நகரும். அந்தத் தாமதத்துக்கு யாராவது சம்பளம் கொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் இதைச் சீக்கிரமே உணர்ந்தார்கள். 1976-இலிருந்தே அங்குள்ள தேசிய சுகாதாரச் சேவை, மாணவர்களை வைத்துக்கொள்ளும் மருத்துவமனைகளுக்கென்று தனியாகக் கூடுதல் தொகை ஒதுக்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1992 முதல் மெடிக்கேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீடு மருத்துவரின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புள்ளி மதிப்பு வைத்துப் பணம் கொடுத்தது. நோயாளியைப் பார்த்தால் புள்ளி உண்டு, மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தால் கிடையாது. அதனால் பல மருத்துவக் கல்லூரிகள் கற்பித்தலுக்கென்று தாங்களே ஒரு புள்ளி முறையை உண்டாக்கிக்கொண்டன.

ஆஸ்திரேலியாக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பொது மருத்துவமனைகளின் எந்த வேலைக்கு என்ன விலை என்று நிர்ணயிக்க 2011-இல் ஓர் ஆணையம் வைத்தார்கள். அது மருத்துவமனைக்குள் நடக்கும் கற்பித்தலுக்கும் ஒரு வகைப்பாடு தயாரித்து, 2018-இல் முதல் பதிப்பை வெளியிட்டது. அதற்காக அவர்கள் செய்த ஒரு பிரிவினைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நோயாளி சிகிச்சையிலிருந்து தனியாக எடுத்துவைத்த நேரத்தில் நடப்பது நேரடிக் கற்பித்தல்: விரிவுரை, குழு வகுப்பு, பொம்மையின் மேல் பயிற்சி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஏற்பாடு மறைமுகக் கற்பித்தல்: போஸ்டிங் பட்டியல் போடுவது, வகுப்புக்குத் தயார் செய்வது, யார் எங்கே போக வேண்டும் என்று ஒருங்கிணைப்பது. மூன்றாவது, சிகிச்சைக்குள்ளேயே கரைந்து கிடப்பது. ரவுண்ட்ஸில், ஆபரேஷன் தியேட்டரில், ஓ.பி.யில் வேலையோடு வேலையாக நடப்பது. முதல் இரண்டையும் அளந்து விலை போட முயன்றார்கள். மூன்றாவதைத் தனியாகப் பிரித்து விலை போட முடியாது, அது சிகிச்சைச் செலவோடேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கைவிரித்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நாணயமாகத்தான் படுகிறது.

ஐயாவின் பெட்டியடி முழுக்க முழுக்க இந்த மூன்றாவது வகை. வார்டில் நடக்கும் கற்பித்தலில் பெரும்பகுதியும் அதுதான். விலை போட முடியாமல் போகலாம். ஆனால் எத்தனை தடவை நடந்தது, எப்படி நடந்தது என்று எழுதி வைக்க முடியும்.

முதலில் சிட்டை

ஐயா வேலை பார்த்ததைப் போன்ற நகரத்தார் கடைகளில், அதாவது செட்டிநாட்டு வணிகர்களின் கடைகளில், கணக்கு மூன்று அடுக்காக ஓடும். அன்றன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுவது சிட்டை. அந்த வரிகளை எடுத்து ஆள்வாரியாக, இனவாரியாகத் தனித்தனித் தலைப்பில் ஏற்றுவது பேரேடு. பேரேட்டின் ஒவ்வொரு தலைப்பிலும் நிற்கும் மீதியைத் திரட்டி, கடையின் நிலைமை என்ன என்று பார்ப்பது ஐந்தொகை. சிட்டை இல்லாமல் பேரேடு இல்லை, பேரேடு இல்லாமல் ஐந்தொகை இல்லை.

மாதக் கடைசிப் படிவம் கேட்பது ஐந்தொகை. நம்மிடம் சிட்டையே கிடையாது. நினைவிலிருந்து ஒரு எண்ணை இறக்கி வைக்கிறோம். போன மாதம் 40 எழுதினேன், இந்த மாதமும் 40 எழுதிவிட்டுப் போகிறேன். இப்படித்தான் நடக்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

ஆகவே ஒரு காலைப் பொழுதை எடுத்துச் சிட்டையாக எழுதிப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் கோத்துக்கொண்டது; ஆனால் இதைப் போன்ற காலைகள் எந்த வார்டிலும் உண்டு.

செவ்வாய்க்கிழமை, 9.15 மணி, பெண்கள் மெடிக்கல் வார்டு. கண்டனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆச்சி, வயது எழுபதைத் தாண்டியது, கல்லீரல் பழுதாகி வயிறு ஊதிப் படுத்திருக்கிறார். சுற்றிலும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேர். அதில் ஒரு பெண் காலையிலேயே வந்து ஆச்சியிடம் பேசி, தொட்டுப் பார்த்து, கேஸ் எடுத்து வைத்திருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல ஆசிரியர் இடைமறித்துக் கேட்கிறார். பிறகு ஒரு பையனைக் கூப்பிட்டு, வயிற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்கிறார்.

பையன் இடது கையின் நடுவிரலை வயிற்றில் பதித்து, வலது நடுவிரலால் தட்டுகிறான். சத்தமே வரவில்லை. முழங்கையிலிருந்து தட்டுகிறான், தட்டிய விரலை அப்படியே அமுக்கி வைத்துக்கொள்கிறான். ஆசிரியர் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ‘மணிக்கட்டு மட்டும் அசையட்டும். தட்டியதும் விரலை எடுத்துடு’ என்கிறார். இப்போது தொப்புள் பக்கம் பொத்தென்று காலியான சத்தம், விலாப் பக்கம் நகர நகர மொத்தென்று மங்கிய சத்தம். மங்கிய இடத்திலிருந்து விரலை எடுக்காமல் ஆச்சியை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்கிறார். அரை நிமிஷம் காத்திருந்து அதே இடத்தில் தட்டினால் சத்தம் மாறியிருக்கிறது. தண்ணீர் கீழ்ப்பக்கம் இறங்கிவிட்டது. பையன் நிமிர்ந்து பார்த்த பார்வையைப் பார்த்து ஆச்சிக்கே சிரிப்பு. ‘மானாமதுரையில பானை வாங்குறப்ப நாங்களும் இப்பிடித்தேன் தம்பி தட்டிப் பார்ப்போம்’ என்கிறார்.

ஆச்சி விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் சரி. உடம்பைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் எழுதி வெளியிட்ட ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். விடுதிகளில் பீப்பாயைத் தட்டித்தான் ஒயின் எதுவரை நிற்கிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

10.25-க்கு எல்லாம் முடிகிறது. நடுவில் ஆசிரியர் ஆச்சிக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். வயிற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் இருபது நிமிஷம் செலவழித்து, இந்தக் கேஸ் பொருத்தமானதா என்று பார்த்து, ‘நாளைக்குப் பிள்ளைகள் வருவாங்க, சம்மதமா ஆச்சி?’ என்று கேட்டும் வைத்திருந்தார்.

இனி பேரேட்டில் ஏற்றுவோம். எத்தனை மணி நேரம் கற்பித்தல் நடந்தது?

ஆசிரியரின் கடிகாரப்படி 70 நிமிஷம். மாணவர்கள் பக்கமிருந்து எண்ணினால் எட்டுப் பேர், ஆளுக்கு 70 நிமிஷம், ஆக 560 நிமிஷம். 9 மணி 20 நிமிஷம். நோயாளியைத் தொட்டுப் பார்த்த மாணவர்களை எண்ணினால் இரண்டு பேர். ஆசிரியர் கண்ணெதிரில் செய்து, தவறு திருத்தப்பட்டு, மறுபடி சரியாகச் செய்தவர் ஒரே ஒருவர். அதற்குப் பிடித்தது நான்கு நிமிஷம். இதில் எங்கும் சேராத இருபது நிமிஷம் முந்தின நாளில் கிடக்கிறது. அந்த 70 நிமிஷத்துக்குள்ளேயே மருந்து மாற்றிய வேலை வேறு இருக்கிறது, அது சிகிச்சை.

எந்த எண் சரி? எல்லாமே சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். இன்னொரு ஆசிரியர் பணியிடம் வேண்டுமா என்று தீர்மானிக்க ஆசிரியர் மணி வேண்டும், முந்தின நாள் இருபது நிமிஷத்தையும் சேர்த்து. கட்டிலைச் சுற்றி எத்தனை பேரை நிறுத்தலாம், எத்தனை வார்டு வேண்டும் என்று பார்க்க மாணவர் மணி. இந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றைத் தட்டிப் பார்க்கத் தெரியுமா என்ற கேள்விக்கு மேலே சொன்ன இரண்டும் உதவாது. அதற்கு அந்த நான்கு நிமிஷம்தான் சாட்சி. எட்டுப் பேரில் ஏழு பேருக்கு அந்த நான்கு நிமிஷம் இன்னும் வரவில்லை.

வகை பிரிக்காமல் கூட்டினால் 9 மணி 20 நிமிஷம் என்ற பெரிய எண்தான் மேலிடத்துக்குப் போகும். பார்ப்பவர்களுக்கும் திருப்தியாக இருக்கும்.

மாணவர் கை எங்கே இருந்தது?

பேரேட்டுக்குத் தலைப்புகள் பல விதமாக வைக்கலாம். இடத்தை வைத்து: ஓ.பி., வார்டு, தியேட்டர், கேஷுவாலிட்டி, ஊர்ப்புறம். கற்பிப்பவரை வைத்து: பேராசிரியர், மேற்படிப்புப் படிக்கும் பி.ஜி. மாணவர், பயிற்சி டாக்டரான ஹவுஸ் சர்ஜன், செவிலியர். வார்டில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தது யார் என்று எந்த மருத்துவரையும் கேளுங்கள். பாதிப் பேர் ஒரு சிஸ்டரைத்தான் சொல்வார்கள். அந்த சிஸ்டருக்கு மாதக் கடைசிப் படிவம் வருவதே இல்லை.

ஆனால் ஒரே ஒரு தலைப்புதான் வைக்கலாம் என்றால், மாணவர் என்ன செய்தார் என்பதை நான் எடுப்பேன். ஐயா கதையில் இருப்பதும் அதுதான். பார்த்தார், படியெடுத்தார், ஆள் பக்கத்தில் இருக்கச் செய்தார், தனியாகச் செய்தார். அமெரிக்கக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவப் படிப்புக்கு ஏறக்குறைய இதே ஏணியை ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார். அடியில் ‘தெரியும்’, அதன் மேல் ‘எப்படி என்று தெரியும்’, அப்புறம் ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘நிஜ வேலையில் செய்கிறார்’.

நம் நாட்டில் 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. அது இந்த ஏணியைத்தான் பின்பற்றுகிறது. ஒவ்வொரு திறனுக்கும் எதிரில் கே, கே.எச்., எஸ்.எச்., பி என்று ஒரு குறி இருக்கும். தெரிந்தால் போதுமா, எப்படி என்று தெரிய வேண்டுமா, செய்து காட்ட வேண்டுமா, தனியாகச் செய்ய வேண்டுமா என்பதை அது சொல்லிவிடும். கடைசி வகைக்கு எத்தனை தடவை செய்தால் சான்று தரலாம் என்ற எண்ணும் உண்டு. செய்முறைகளுக்கு இன்னும் எளிதான மூன்று எழுத்துகள்: ‘ஓ’ என்றால் பார்த்தால் போதும், ‘டி’ என்றால் மேற்பார்வையில் செய்ய வேண்டும், ‘ஐ’ என்றால் தானே தனியாகச் செய்ய வேண்டும். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுப்பது ‘ஓ’. மூக்கு வழியாக வயிற்றுக்கு ரைல்ஸ் ட்யூப் இறக்குவது ‘டி’. நரம்பில் ரத்தம் எடுப்பது ‘ஐ’.

இந்த ஓரெழுத்தின் அருமை படிப்பு முடித்து இரவு டியூட்டியில் தனியாக நிற்கும்போது தெரியும். ஏதோ ஒரு தாலுகா மருத்துவமனை, இரவு இரண்டு மணி, விஷம் குடித்த ஒருவரைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அந்த இளம் மருத்துவர் எத்தனை மணி நேரம் வார்டில் நின்றார் என்ற கணக்கு அப்போது யாருக்கு வேண்டும்? ட்யூபை ஒரு தடவையாவது தன் கையால் இறக்கியிருக்கிறாரா?

வருகைப் பதிவு இதற்கு விடை சொல்லாது. எழுத்துப் பாடத்துக்கு 75 சதவீதம், கிளினிக்கலுக்கு 80 சதவீதம் வருகை வேண்டும் என்பது விதி. அவசியமான விதிதான். ஆனால் அது அளப்பது காலை, கையை இல்லை.

ஓ.பி.யில் இரண்டு நிமிஷம்

வார்டு வகுப்பையாவது நேரம் குறித்து எழுதலாம். ஓ.பி. வேறு உலகம். வெளியே வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரை நிற்கும். திங்கள்கிழமை என்றால் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர்களே ஒரு கூட்டம். இதற்கிடையில் ‘வகுப்பு’ என்று தனியாக எங்கே எடுப்பது? ஆனால் அங்கேதான் கற்பித்தல் அதிகமாக நடக்கிறது என்பேன். துண்டு துண்டாக, இரண்டு நிமிஷம் மூன்று நிமிஷமாக.

அதை எப்படி அடையாளம் கண்டு எண்ணுவது என்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு. ‘ஒரு நிமிஷ ஆசான்’ என்று சொல்லத்தக்க ஒரு முறையை 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர் வெளியிட்டார்கள். மாணவர் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் காய்ச்சல், மேலெல்லாம் வலி, வயலில் வேலை பார்ப்பவர். ஆசிரியர் உடனே விடை சொல்வதில்லை.

‘என்னன்னு நினைக்கிறே?’

‘டெங்குவா இருக்கும் சார்.’

‘எதை வச்சுச் சொல்றே? வேற என்ன இருக்கலாம்?’

பையன் கொஞ்சம் திணறி, ‘எலிக்காய்ச்சலும் இருக்கலாம் சார்’ என்கிறான்.

‘சேற்றில் இறங்கி வேலை பார்க்கிறவருக்குக் காய்ச்சல்னா எலிக்காய்ச்சலை மறக்காதே. கெண்டைக்கால் வலி இருக்கா, கண் சிவந்திருக்கான்னு பார்க்கணும். என்ன வேலைன்னு கேட்டே பாரு, அது நல்லது. கண்ணைப் பார்க்காம வந்துட்டே, போய்ப் பார்த்துட்டு வா.’

இதில் ஐந்து காரியம் நடந்திருக்கிறது. மாணவர் ஒரு முடிவைச் சொன்னார், காரணம் கேட்கப்பட்டது, ஒரு பொது விதி கிடைத்தது, சரியாகச் செய்தது எது என்று தெரிந்தது, விட்டது எது என்று தெரிந்தது. இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? ஆனால் இது சிட்டையில் ஒரு வரிக்குத் தகுதியானது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பியதற்கும் ஒரு வரி எழுதலாம், ‘ஓ’ என்று. இரண்டும் ஒரே தலைப்பில் ஏறக் கூடாது.

ஆகவே ஓ.பி.க்கு நான் நிமிஷத்தை எண்ணச் சொல்வதில்லை. தடவையை எண்ணுங்கள். மாணவர் ஒரு முடிவைச் சொல்லி, அதற்கு ஆசிரியர் பதில் கொடுத்தால் ஒன்று. அவ்வளவுதான். வாசல் காவலர் டோக்கன் எண்ணுவதைப் போல.

கணக்கைக் கெடுப்பவை

ஒரே வேலையை இரண்டு தலைப்பில் ஏற்றுவது முதல் கோளாறு. செவ்வாய்க்கிழமை வகுப்பை ஆசிரியர் தன் படிவத்தில் எழுதுகிறார், கூட இருந்த பி.ஜி. மாணவர் தன் படிவத்தில் எழுதுகிறார், துறைத் தலைவர் இரண்டையும் கூட்டி அனுப்புகிறார். ஒரு வகுப்பு இரண்டாகிவிட்டது. கற்பித்தவரை வைத்து எண்ணுகிறோமா, வகுப்பை வைத்து எண்ணுகிறோமா என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்யாவிட்டால் இது நடந்தே தீரும்.

அடுத்தது லாக் புக், அதாவது மாணவர் தான் செய்ததைப் பதிந்து வைக்கும் குறிப்பேடு. மாணவர் என்ன செய்தார், முதல் தடவையா மறுதடவையா, எதிர்பார்த்த அளவுக்குச் செய்தாரா, முடிந்ததா திரும்பச் செய்ய வேண்டுமா என்று ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியர் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். திட்டம் அருமையானது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் தேர்வுக்கு முந்தின நாள் லாக் புக்குகள் கட்டுக்கட்டாக என் மேசைக்கு வரும். ஒன்றைத் திறந்தால் ஆறு மாதத்தின் முப்பது தேதிகள், ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. நானும் ஒரே மூச்சில் முப்பது கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். எங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை யாராவது பார்த்திருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார். சிட்டையைப் பின்னால் உட்கார்ந்து எழுதினால் மை காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, எடை. ஒரு மணி நேர விரிவுரையும் ஒரு மணி நேர வார்டு வகுப்பும் ஒன்றா? விரிவுரைக்குத் தயாராக நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் நூறு பேர் ஒரே சமயத்தில் கேட்கலாம். வார்டு வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் நின்றால் பின்வரிசைக்கு முதுகுதான் தெரியும். சில இடங்களில் இதற்காக ஒவ்வொரு வகைக்கும் ஓர் எடை வைத்துப் பெருக்குகிறார்கள். எடை எவ்வளவு என்று தீர்மானிக்கக் கமிட்டி போட்டால், கமிட்டியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வேலைக்கு எடை கூடிவிடும். எனவே ஆரம்பிப்பவர்கள் எடைப் பக்கமே போக வேண்டாம். விரிவுரை தனி, வார்டு தனி என்று இரண்டு தொகையாகக் காட்டினாலே போதும். மொத்தக் கற்பித்தல் நேரத்தில் விரிவுரை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று பாடத்திட்டமே சொல்கிறது. அதைச் சரிபார்க்கக்கூட இந்தப் பிரிவு வேண்டும்.

கல்லூரி வளாகத்துக்கு வெளியே நடப்பது இன்னும் மங்கல். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கின்றன. சிவகங்கையில் 2012-இலும் புதுக்கோட்டையில் 2017-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்து, அடிக்கடி போய்ப் பார்த்து நலம் விசாரிக்கும் திட்டமும் இப்போது பாடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் நுழைந்தால் தெரு நீளத்துக்குப் பூட்டிய வீடுகள். ஏதோ ஒரு வீட்டு முகப்பில் மட்டும் ஒரு பெரியவரும் ஆச்சியும் இருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. மாணவர் போய் ரத்த அழுத்தம் பார்த்து எழுதினால் ‘ஒரு வருகை’. ஆச்சி மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறார், கேட்டால் ‘தீந்து போச்சுன்னா யாரு போய் வாங்கியாறது’ என்கிறார். இதைத் தெரிந்துகொண்டு வந்த மாணவருக்கும் அதே ‘ஒரு வருகை’தான்.

பி.ஜி. மாணவர்கள் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்பதும் 2021-இல் சேர்ந்தவர்களிலிருந்து விதியாகிவிட்டது. அங்கே அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் அந்த மருத்துவமனையின் டாக்டர்கள். கல்லூரிப் படிவம் அவர்கள் கைக்குப் போகாது. ஆக அவர்கள் கற்பிப்பது எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் போகிறது.

ஆரம்பிப்பது எப்படி

கம்ப்யூட்டர் புரோகிராம், ஆப் என்று தொடங்கினால் ஆறு மாதம் கூட்டம் போடுவதிலேயே போய்விடும். ஒரு யூனிட், ஒரு வாரம், ஒரு தாள். யூனிட் என்றால் ஒரு துறைக்குள் சேர்ந்து வேலை பார்க்கும் ஒரு மருத்துவர் குழு. நடந்த அன்றே எழுத வேண்டும், மறுநாள் எழுதக் கூடாது. தாளில் நான்கு பத்தி: மணி, இடம், மாணவர் செய்ததற்கு ஓரெழுத்து, யாராவது கூட இருந்து பார்த்துத் திருத்தினார்களா என்பதற்கு ஒரு டிக். நோயாளி பெயர் வேண்டாம், படுக்கை எண்ணும் வேண்டாம். எழுத வேண்டியது மாணவர். ஆசிரியருக்கு நேரமிருக்காது, தவிர தன் வேலையைத் தானே எண்ணினால் கை கொஞ்சம் தாராளமாகப் போகும். சனிக்கிழமை மத்தியானம் யூனிட்டில் எல்லோரும் உட்கார்ந்து தாளைப் பார்த்தால் போதும். ‘ஓ’ எத்தனை, ‘டி’ எத்தனை, டிக் விழுந்தது எத்தனை, எந்த மாணவருக்கு ஒரு டிக்கூட இல்லை. நான்கையும் கூட்டி ஒரு பெரிய எண்ணாக்க வேண்டாம், யாராவது கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

பேனா வைக்காதீர்கள், பென்சிலே போதும். அதையும் ஒரு கயிற்றில் கட்டி சிஸ்டர் மேசைக் காலில் முடிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதன்கிழமைக்குள் அதை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வியாழக்கிழமைக் கணக்கு வெள்ளைத் தாளாக இருக்கும்.